'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்': எஃப்.ஐ.ஆரில் இடம்பெறாத விபத்துக் காரணங்கள்

தமிழ்நாட்டில் எந்தக் காவல் நிலையத்தில் விபத்து வழக்கு பதிவானாலும் முதல் தகவல் அறிக்கையில் அந்த ஒரு வரியைப் பார்க்கலாம்: வாகனத்தை 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' ஓட்டி வந்து மோதியதில்... முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 304ஏ பிரிவுகள். 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106(1) பிரிவுகள். சட்டம் மாறியது, வரி மாறவில்லை. யார் மேல் வழக்கு என்று தீர்மானிக்க அந்த வரி போதும். அதே இடத்தில் அடுத்த மாதம் இன்னொருவர் சாகாமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்பதற்கு அதில் ஒரு துப்பும் கிடையாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம் (64,105), இறப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம் (17,884). இறந்தவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். நடந்து போனவர்கள் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். அதே அறிக்கை 71 சதவீத மரணங்களுக்கு அதிவேகம்தான் காரணம் என்கிறது. அந்த எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கவேண்டும். நாடு முழுக்கக் காவல் நிலையங்களில் எழுதப்படும் அதே வரியின் கூட்டுத்தொகை அது. வேகம் காரணம் இல்லை என்பதல்ல. வேகம் எப்படிக் கொல்கிறது, அதோடு வேறு எவை சேர்ந்துகொள்கின்றன என்பதை அந்த எண் சொல்வதில்லை.

வேகம் என்பது தூரம்

சாலையில் ஒரு மாடு குறுக்கே வருகிறது. கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகும். அதுவரை வண்டி அதே வேகத்தில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். 40 கி.மீ. வேகத்தில் அந்த ஒன்றரை விநாடியில் 17 மீட்டர். காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயரோடு பிரேக் பிடித்து நிற்க இன்னும் 9 மீட்டர். ஆக 26 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் 25-ம் 20-ம் சேர்ந்து 45 மீட்டர். 80-ல் 33-ம் 36-ம் சேர்ந்து 69 மீட்டர். வேகம் இரு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும்.

இதில் பலர் கவனிக்காத கணக்கு ஒன்று இருக்கிறது. 40-ல் வந்தவர் முழுதாக நின்றுவிடும் இடத்தில், 60-ல் வந்தவர் அப்போதுதான் பிரேக்கை மிதிக்கத் தொடங்கியிருப்பார். 60-ல் வந்தவர் நின்றுவிடும் இடத்தை, 80-ல் வந்தவர் ஏறத்தாழ 65 கி.மீ. வேகத்தில் கடந்துகொண்டிருப்பார். 'இருபதுதானே கூடுதல்' என்று தோன்றும். ஒருவர் மாட்டுக்கு முன்னால் நிற்கிறார், மற்றவர் அதை 65-ல் இடிக்கிறார். அந்த இருபதின் பொருள் இதுதான்.

மழையில் பிடிமானம் பாதியளவுக்குக் குறையும். ஈரச் சாலையில் 60-ல் நிற்க ஏறத்தாழ 65 மீட்டர், 80-ல் நிற்க 100 மீட்டருக்கு மேல். கோடைக்குப் பிறகு விழும் முதல் மழை இன்னும் மோசம். மாதக்கணக்காகப் படிந்த எண்ணெயும் டயர்த் தூளும் புழுதியும் தண்ணீரோடு குழைந்து, கனமாகப் பெய்து கழுவிவிடும்வரை, சாலைமேல் வழவழப்பாகக் கிடக்கும். ஜீப்ரா கோட்டின் வெள்ளைப் பெயின்ட், பாலங்களின் இரும்பு இணைப்புப் பட்டை, மேன்ஹோல் மூடி எல்லாம் அந்த நேரத்தில் இருசக்கர வாகனத்துக்குச் சறுக்குமரம்தான். அவற்றின் மேல் பிரேக் பிடிக்காமல், வண்டியைச் சாய்க்காமல் நேராகக் கடப்பது ஒன்றே வழி.

முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை மீட்டரில் அளக்க முடியாது; விநாடியில் அளக்கலாம். முன் வண்டி ஒரு மரத்தையோ கி.மீ. கல்லையோ தாண்டும்போது 'நூற்றி ஒன்று, நூற்றி இரண்டு, நூற்றி மூன்று' என்று எண்ணுங்கள். முடிப்பதற்குள் நீங்கள் அதே கல்லை அடைந்துவிட்டால் மிக நெருக்கமாகப் போகிறீர்கள். மழையில் ஆறு விநாடி. நகரத்தில் அந்த இடைவெளியில் ஆட்டோ நுழையும் என்பது உண்மைதான். நுழைந்தால் மறுபடி பின்வாங்கவேண்டியதுதான். அதனால் தாமதமாவது சில நொடிகள்.

இரவு, ஹெட்லைட், நிற்கும் லாரி

டிம் லைட் சாலையில் ஏறக்குறைய 40-50 மீட்டர்வரைதான் துலக்கமாகக் காட்டும். மேலே உள்ள கணக்கோடு ஒப்பிட்டால், டிம் லைட்டில் 80 கி.மீ. வேகத்தில் போகிறவர் தான் பார்க்கக்கூடிய தூரத்துக்குள் நிற்கமுடியாதவர். எதிரே வாகனம் வரும்போது டிம் போட்டே ஆகவேண்டும். ஆகவே டிம் போடும்போது காலும் ஆக்சிலரேட்டரிலிருந்து எழவேண்டும். வரிசையாக வண்டிகள் வரும் இரவு நெடுஞ்சாலையில் பாதுகாப்பான வேகத்தைத் தீர்மானிப்பது பலகையில் எழுதியிருக்கும் எண் அல்ல, உங்கள் விளக்கு.

அந்த 50 மீட்டருக்கு அப்பால் இருட்டில் ஒரு லாரி பஞ்சராகி இடது ஓரத்தில் நிற்கிறது. பின்விளக்கில் சேறு, ஒட்டுப்பட்டை மங்கிப்போய்விட்டது. விடியற்காலையில் ஓட்டுநரின் கண் செருகும் நேரத்தில் கார் அதன் பின்னால் போய்ச் சொருகுகிறது. நாளிதழில் அடிக்கடி வரும் செய்திதான். அதில் காரின் முன்பக்கம் அதிகம் நசுங்கியிருக்காது, கூரைதான் பிய்ந்திருக்கும். மோதல் சக்தியை வாங்கிக்கொள்ள வடிவமைத்த பானெட், லாரித் தளத்துக்குக் கீழே புகுந்துவிடுகிறது. தளத்தின் விளிம்பு நேரே முன்கண்ணாடிக்கு வருகிறது. ஏர்பேக்குக்கும் அங்கே வேலையில்லை.

இதைத் தடுக்கத்தான் லாரியின் பின்னால் தாழ்வாக ஒரு இரும்புத் தடுப்புச் சட்டம் இருக்கவேண்டும் என்கிறது விதி. தரையிலிருந்து அதன் அடிவிளிம்பு 550 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. கார் பம்பரோடு அது மோதவேண்டும் என்பதுதான் நோக்கம். நடைமுறையில் மண் அள்ளும் டிப்பர்களில் இடிக்கிறது என்று மேலே தூக்கிக் கட்டியிருப்பார்கள். அல்லது பேருக்கு ஒரு மெல்லிய பைப். ஒளிரும் ஒட்டுப்பட்டையும் அப்படியே: பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்று எப்.சி.க்குப் போகும்போது புதிதாக மின்னும். ஆறு மாதத்தில் புழுதி மூடிவிடும். ஒரு ஈரத்துணியால் துடைத்தால் போதும், அந்தப் பட்டை பழையபடி ஒளிரும். கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் டிரெய்லர்களில் பலவற்றுக்கு அந்தப் பட்டைகூட இல்லை.

வண்டி பழுதானால் முதல் வேலை அதை முடிந்தவரை தார் விளிம்புக்கு வெளியே இறக்குவது. நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் வைக்கவேண்டும். எவ்வளவு பின்னால்? பெரும்பாலும் பத்தடி தள்ளி வைத்திருப்பார்கள். அது வைக்காததற்குச் சமம். 80-ல் வருபவருக்கு நிற்க 69 மீட்டர் வேண்டும் என்றால், நான்குவழிச் சாலையில் முக்கோணம் 100 மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும். நடந்தால் நூற்று முப்பது தப்படி என்று வைத்துக்கொள்ளலாம். வளைவு இருந்தால் வளைவுக்கு முன்பே. நம் ஊரில் முக்கோணத்துக்குப் பதில் மரக்கிளையும் பெரிய கற்களும் வைப்பது வழக்கம். கிளையாவது பரவாயில்லை. டயர் மாற்றிவிட்டு லாரி கிளம்பிப் போனபின் கற்கள் அங்கேயே கிடக்கும். அன்றிரவு பைக்கில் வருபவருக்கு அதுவே எமன். வண்டியைச் சரிசெய்யும்போது பயணிகள் யாரும் உள்ளே உட்கார்ந்திருக்கக்கூடாது. பின்னாலும் நிற்கக்கூடாது. சாலையை விட்டு இறங்கி, வண்டியிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்கவேண்டும்.

இறக்கத்தில் கொதிக்கும் பிரேக்

தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும் லாரிகள் கட்டுப்பாடு இழந்து முன்னால் போகும் வண்டிகளை வரிசையாக இடிப்பது ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. அங்கும் வழக்கில் அதே வரிதான். உள்ளே நடப்பது வேறு. 30 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 100 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. அந்தச் சூட்டை எங்கேயாவது இறக்கவேண்டும். கியரில் இறங்கினால் இன்ஜின் ஒரு பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் மொத்தமும் பிரேக் டிரம்முக்குப் போகிறது. டிரம் காய்ந்து விரிந்து லைனிங்கை விட்டு விலகும், லைனிங்கும் பிடிமானத்தை இழக்கும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. விசாரணையில் 'பிரேக் ஃபெயிலியர்' என்று ஓட்டுநர் சொல்வது பொய்யல்ல; அந்த பிரேக் மேலே மலை உச்சியில் நன்றாகத்தான் இருந்தது.

ஏறும்போது எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் அல்லது அதற்கும் ஒன்று கீழே இறங்கவேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் பாடம். கியரை இறக்கம் தொடங்கும் முன்பே மாற்றவேண்டும். வேகம் பிடித்தபின் கனரக வண்டியில் கீழ் கியர் விழாது, நியூட்ரலிலேயே மாட்டிக்கொள்ளும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு ஆறவைத்து, மறுபடி அழுத்தவேண்டும். ஊட்டி, ஏற்காடு, கொடைக்கானல் இறங்கும் கார்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் இதே விதிதான். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜின் பிடிப்பு குறைவு என்பதால் நடுவில் நிறுத்தி ஆறவைத்துத்தான் இறங்கவேண்டியிருக்கும். கருகல் வாடை வந்தால் அது கடைசி எச்சரிக்கை.

இருசக்கர வாகனத்தின் முன் பிரேக்

'முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிடும்' என்று சொல்லித்தான் பலருக்கும் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கப்படுகிறது. அதனால் வாழ்நாள் முழுக்கப் பின் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டுகிறார்கள். பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்குச் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரம் எளிதில் பூட்டிக்கொண்டு இழுபடும். நிற்கும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாதவருக்கு நிற்கும் தூரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

தூக்கி அடிப்பது முன் பிரேக் அல்ல, அதைச் சட்டென்று கவ்விப் பிடிப்பதும் ஹேண்டில் திரும்பியிருக்கும்போது பிடிப்பதும்தான். வண்டியை நேராக்கி, இரண்டு பிரேக்கையும் சேர்த்து, லிவரை எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் படிப்படியாக இறுக்கவேண்டும். காலியான மைதானத்தில் 30 கி.மீ. வேகத்தில் பத்து முறை பழகினால் கை தானாகச் செய்யும். மணல் கிடக்கும் இடத்தில் மட்டும் முன் பிரேக்கைத் தொடக்கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரங்களில் அதை மறக்காமல் இருப்பது நல்லது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய பைக்குகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம், அதற்குக் கீழே உள்ளவற்றில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டும் வேலை செய்யும் சி.பி.எஸ். ஏ.பி.எஸ். இருந்தால் அவசரத்தில் தயங்காமல் முழுதாக அழுத்தலாம். லிவர் கையில் துடிக்கும், பயந்து விட்டுவிடக்கூடாது.

ஹெல்மெட்: மெதுவாகப் போகிறவருக்கும்

'பக்கத்துத் தெருவுக்குத்தானே, இருபதில்தான் போகிறேன்' என்பது ஹெல்மெட் போடாததற்கு வழக்கமான காரணம். பைக்கில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நிற்கும் வண்டியிலிருந்து விழுந்தாலும் அந்த உயரத்திலிருந்து தலை தரையைத் தொடும்போது கிட்டத்தட்ட 20 கி.மீ. வேகம் வந்துவிடும். அந்த வேகம் எத்தனை மில்லிமீட்டருக்குள் பூஜ்யமாகிறது என்பதுதான் உயிர்க்கேள்வி. வெறும் மண்டை என்றால் சில மில்லிமீட்டர். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் நசுங்கினால் 25 மில்லிமீட்டர்வரை கிடைக்கிறது. மூளை வாங்கும் அதிர்ச்சி ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. 2022-ல் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்.

ஆக ஹெல்மெட்டில் வேலை செய்வது வெளி ஓடு அல்ல, உள்ளே நசுங்கும் தெர்மாகோல். சாலையோரத்தில் இருநூறு ரூபாய்க்கு விற்கும் தொப்பியில் அதற்குப் பதில் வெறும் ஸ்பாஞ்ச் இருக்கும். விரலால் அழுத்திப் பார்த்தால் தெரியும்: ஸ்பாஞ்ச் அமுங்கி எழும், தெர்மாகோல் விறைப்பாக நிற்கும். தெர்மாகோல் ஒருமுறைதான் நசுங்கும். அடிபட்ட ஹெல்மெட் வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே செலவாகிவிட்டது, மாற்றவேண்டும். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. முத்திரையோடு ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணும் உரிம எண்ணும் இருக்கவேண்டும். உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும்.

அளவும் பட்டையும் சரியில்லை என்றால் தரமான ஹெல்மெட்டும் முதல் மோதலிலேயே பறந்துவிடும், தலை இரண்டாவதாகத் தரையில் படும்போது வெறும் தலை. வாங்கும்போது பட்டையை மாட்டிக்கொண்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தள்ளிப்பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் அளவில்லை. தலையை ஆட்டும்போது ஹெல்மெட் தனியாக ஆடக்கூடாது, கன்னத்தோல் கூடவே இழுபடவேண்டும். பட்டைக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம். போலீஸைக் கண்டதும் தலையில் கவிழ்த்துப் பட்டையைத் தொங்கவிட்டுப் போவதால் ஆயிரம் ரூபாய் அபராதம் மிச்சமாகலாம், அவ்வளவுதான். குழந்தைகளுக்கு: நான்கு வயதுக்கு மேல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவுப்படி கட்டாயம். 9 மாதம் முதல் 4 வயதுவரை ஹெல்மெட்டோடு ஓட்டுபவரின் உடலில் இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக்கூடாது. 2023 பிப்ரவரியில் இது நடைமுறைக்கு வந்தது.

காரில் இதே கதை சீட் பெல்ட்டுக்கு. 2022-ல் பெல்ட் போடாமல் இறந்த 16,715 பேரில் 8,331 பேர் ஓட்டுநர் அல்லாதவர்கள். பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் இருப்பவர் மோதலில் முன்சீட்டின்மேல் எறியப்படும் மூட்டையாகிறார். பெல்ட் போட்ட முன்சீட்டுக்காரரையும் சேர்த்து நசுக்குகிறார்.

சாலையும் ஒரு தரப்பு

நான்குவழிச் சாலை ஒரு கிராமத்தை இரண்டாகப் பிளந்து போகிறது. வீடு இந்தப் பக்கம், வயலும் பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம். முறையான திருப்பம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி. அந்த ஊர்க்காரர் ஒருவழிப் பாதையின் ஓரமாக எதிர்த்திசையில் வருவார், அல்லது சாலை நடுவிலுள்ள மீடியனில் யாரோ உடைத்த இடைவெளி வழியே பைக்கைத் தள்ளிக்கொண்டு கடப்பார். தினம் நான்கு முறை நடக்கும் இதை ஒழுங்கீனம் என்று மட்டும் சொல்லி முடிக்கமுடியாது. சுரங்கப்பாதையும் சர்வீஸ் சாலையும் இல்லாத இடத்தில் எதிர்த்திசை வண்டி வந்தே தீரும். மீடியன் திறப்பிலும் சிக்கல் இருக்கிறது: நடுத்தீவின் அகலம் நான்கைந்து மீட்டர் என்றால் ஒரு கார் அங்கே அடங்கி நின்று பார்த்துத் திரும்பலாம். பத்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள பேருந்தோ லாரியோ நின்றால் அதன் வாலோ தலையோ வேகத் தடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும்.

வேகத்தடைகளுக்கும் அளவு உண்டு. சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் குலுக்காமல் கடக்கக்கூடிய வளைவு. எச்சரிக்கைப் பலகை 40 மீட்டருக்கு முன். ஊர்க்காரர்கள் ஒரு விபத்துக்குப் பிறகு மறியல் செய்து ஒரே இரவில் போடவைக்கும் தடையில் இவை எதுவும் இருக்காது. அரை மீட்டர் அகலத்தில் செங்குத்தாக, பெயின்ட் இல்லாமல், விளக்கு இல்லாத இடத்தில். பின்சீட்டில் பக்கவாட்டாக உட்கார்ந்து வரும் பெண்மணி தூக்கி எறியப்படுவது இங்கேதான்.

தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள், அல்லது பத்து மரணங்கள் நடந்தால் அது 'பிளாக் ஸ்பாட்' ஆகிறது. அதாவது ஓர் இடம் ஆபத்தானது என்று ஏட்டில் ஏற அத்தனை பேர் முதலில் அடிபடவேண்டும். ஊரார் அதற்கு முன்பே அந்த இடத்துக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஐராட் செயலியில் இப்போது காவலர்கள் சம்பவ இடத்திலேயே படம், இருப்பிடக் குறி, சாலையின் நிலை எல்லாம் பதிய முடிகிறது. எஃப்.ஐ.ஆர். விட்ட இடத்தை நிரப்ப இது உதவும், பதிபவர் 'அதிவேகம்' என்ற கட்டத்தை மட்டும் தட்டிவிட்டுப் போகாமல் இருந்தால்.

மோதியபின்

முதலில் உங்கள் வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்துங்கள். உதவ ஓடியவர்மேல் அடுத்த வண்டி ஏறுவதுண்டு. அடிபட்டவரைச் சட்டென்று தூக்கி உட்காரவைப்பதும் தண்ணீர் புகட்டுவதும் நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் தூக்கும்போது தண்டுவடம் அறுபடலாம். மயக்கத்தில் இருப்பவருக்குத் தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கும். தீப்பிடிக்கும் அபாயம் இருந்தாலொழிய நகர்த்தவேண்டாம். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்து நேராக அழுத்துங்கள்; எடுத்து எடுத்துப் பார்க்காமல், நனைந்தால் மேலேயே இன்னொரு துணி. மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டைக் கழற்றவேண்டாம், கண்ணாடியை மட்டும் தூக்கிவிடுங்கள். மூச்சுக்காகக் கழற்றியே தீரவேண்டும் என்றால் இருவர் வேண்டும்: ஒருவர் கழுத்தையும் தாடையையும் அசையாமல் தாங்க, மற்றவர் பட்டையை வெட்டிவிட்டு மெல்ல உருவவேண்டும்.

போலீஸ், கோர்ட் என்று அலையவேண்டியிருக்கும் என்ற பயத்துக்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 134ஏ பிரிவு உதவியவரைச் சிவில், கிரிமினல் பொறுப்பிலிருந்து விலக்குகிறது; பெயர் சொல்லும்படி வற்புறுத்தக்கூடாது. செலவைப் பற்றியும் தயங்கவேண்டாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம் ஏற்கிறது.

108-ஐ அழைக்கும்போது 'பெரிய பாலம் தாண்டி, தாபா பக்கத்தில்' என்றால் வெளியூர் ஆம்புலன்ஸுக்குப் புரியாது. சாலையோரக் கி.மீ. கல்லில் உள்ள எண்ணைப் படித்துச் சொல்லுங்கள். அதோடு எந்த ஊரை நோக்கிப் போகும் பாதையில் என்பதையும் மறக்காமல் சொல்லவேண்டும். மீடியனுக்கு அந்தப் பக்கம் வந்து சேர்ந்த ஆம்புலன்ஸ், கண்ணெதிரே கிடப்பவரை அடைய அடுத்த திருப்பம்வரை போய்த்தான் திரும்பி வரவேண்டும்.